ஐந்து கிராமின் கணக்கு

ஒரே பிளாஸ்ரிக், இரண்டு மரியாதை

பழைய சாமான் வாங்க ஒழுங்கைக்குள் வருகிறவரை யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அறியாத வீடு இல்லை. உடைந்த வாளி இருக்கிறதா என்று கேட்பார். கால் முறிந்த பிளாஸ்ரிக் கதிரை, வெற்றுப் போத்தல், தண்ணீர்த் தாங்கியின் மூடி என்று எதைக் கொடுத்தாலும் அவருடைய தராசில் அதற்கொரு விலை உண்டு. குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியிருக்கும் சொப்பின் பைக் கட்டைக் காட்டினால் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

வாளியும் பிளாஸ்ரிக், பையும் பிளாஸ்ரிக். இரண்டும் சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும். பிறகு ஏன் ஒன்றுக்குக் காசு, மற்றதற்கு மறுப்பு?

பை மலிவான, மட்டமான பிளாஸ்ரிக்கால் செய்தது என்பது பலருடைய எண்ணம். அது சரியில்லை. பையில் இருக்கும் பொருள் நல்ல பொருள். பல வாளிகளில் இருப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். வேறுபாடு தடிப்பில் இருக்கிறது. வீட்டில் ஒரு பையை எப்படிக் கழுவ வேண்டும், எத்தனை தரம் பாவிக்க வேண்டும், எப்போது கைவிட வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரே வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது.

மெழுகுதிரியின் உறவினர்

காபன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கக்கூடியவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐதரசன் அணுக்கள் ஒட்டியிருக்கும். வரிசையில் மூன்று, நான்கு காபன் இருந்தால் அது சமையல் காஸ். பத்து முதல் பதினாறு வரை இருந்தால் மண்ணெண்ணெய். இருபது முதல் நாற்பது வரை நீண்டால் மெழுகுதிரி. இதே வரிசை ஆயிரக்கணக்கில் நீண்டுபோனால் கிடைப்பதுதான் பொலித்தீன். சிறிய அலகுகள் தொடுத்து உண்டான இப்படியான நெடும் மூலக்கூறைப் பல்பகுதியம் என்கிறோம்.

இதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1933 மார்ச் மாதம் இங்கிலாந்தின் நோர்த்விச் நகருக்கு அருகே, ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் எரிக் ஃபோசெற், ரெஜினோல்ட் கிப்சன் என்ற இருவர் எதிலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் இன்னொரு பொருளுடன் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்தின் சுவரில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர்களுடைய சக ஆய்வாளர்கள் அதை மறுபடி செய்துகாட்ட இரண்டு வருடங்கள் ஆயின. முதல் தடவை எப்படியோ உள்ளே புகுந்த துளி ஒட்சிசன்தான் தொடுப்பு வேலையைத் தொடக்கிவைத்தது என்பது பிறகு தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் வயர்களுக்கு உறையாக இருந்த பொருள், போர் முடிந்த பிறகே வீட்டுக்குள் வந்தது.

சரசரக்கும் பை, வழுவழுத்த பை

பையைக் கையில் கசக்கிப் பாருங்கள். சிலது சரசரவென்று சத்தமிடும். சிலது சத்தமில்லாமல் வழுக்கும், இழுத்தால் இழுபடும். இரண்டும் பொலித்தீனே.

பேரழுத்தத்தில் செய்யும் பொலித்தீனின் மூலக்கூறுகளில் பக்கக் கிளைகள் நிறைய உண்டு. இலந்தை முள்ளுக் கிளைகளை எவ்வளவு அமுக்கிக் கட்டினாலும் இடையில் வெளி இருக்கும் அல்லவா? அப்படித்தான் இவையும் நெருங்கிப் படுக்காமல் கிடக்கும். இது அடர்த்தி குறைந்த பொலித்தீன், மெதுவானது. 1953 இல் ஜேர்மனியரான கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே கிளையில்லாத நேர்ச்சங்கிலிகளைத் தொடுக்க வழி கண்டார். அந்த வேலைக்காக 1963 இல் இத்தாலியரான ஜூலியோ நாற்றாவோடு நோபெல் பரிசும் பெற்றார். அந்தச் சங்கிலிகள் ஈர்க்குக் கட்டுப் போல நெருங்கி அடங்கும். இது அடர்த்தி கூடிய பொலித்தீன், விறைப்பானது, சரசரப்பது.

விறைப்பானதில் வியாபாரிக்கு ஒரு வசதி இருந்தது. அதே பாரத்தைத் தாங்க இன்னும் மெல்லிய தாள் போதும். மெல்லிசாக்க மெல்லிசாக்க ஒரு பையின் செலவு குறைந்துகொண்டே போனது. கணக்குப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்தபோதுதான் கடைக்காரர் கேட்காமலே பை கொடுக்கத் தொடங்கினார்.

இலங்கையின் சட்டங்களும் இந்த மெல்லிசைத்தான் துரத்திவந்தன. 2007 ஜனவரி முதல் 20 மைக்ரோனுக்கு உட்பட்ட தடிப்புள்ள பொலித்தீனுக்குத் தடை வந்தது. மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்ட பிறகு, அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் அடர்த்தி கூடிய பொலித்தீனால் செய்த சொப்பின் பை, பொலித்தீன் லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி ஆகியவை தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கை வெளியிடத்தில் எரிப்பதும் அன்று தொட்டுக் குற்றம். இன்று கடையில் கைக்கு வருவது பெரும்பாலும் வழுவழுத்த பைதான்.

அடிமட்டம் எடுத்து அளப்போம்

இனித் தின்னவேலிச் சந்தையில் மரக்கறி போட்டுத் தந்த ஒரு பையை மேசையில் விரித்து வைப்போம். மடிப்புகளை விரித்தால் அகலம் 30 சென்ரிமீற்றர், உயரம் 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 1500 சதுர சென்ரிமீற்றர், பின்பக்கம் இன்னொரு 1500. மொத்தத் தாள் 3000 சதுர சென்ரிமீற்றர்.

தடிப்பு, சட்டம் அனுமதிக்கும் எல்லையான 20 மைக்ரோன். அது தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சென்ரிமீற்றரில் சொன்னால் 0.002. இரண்டையும் பெருக்கினால் 6 கன சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக். பொலித்தீன் தண்ணீரைவிடச் சற்று இலேசானது, அதனால் நிறை ஐந்தரைக் கிராம் அளவில் வரும். கைபிடிக்காக வெட்டியெறிந்த பகுதியைக் கழித்தால் 5 கிராம்.

இந்த 5 கிராம், 5 கிலோ அரிசியைச் சுமக்கிறது. தன் நிறையைப் போல ஆயிரம் மடங்கு! இவ்வளவு சொற்பப் பொருளில் இத்தனை வலிமையைப் பொதிந்த வேறு பொருளை நம் குசினியில் காண்பது அரிது. பையைத் திட்டுவதற்கு முன் அதன் திறமையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தரம் பாவித்து எறிவது எவ்வளவு பெரிய வீண் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இப்போது வாளிக்கு வருவோம். சாதாரண வாளி ஒன்றின் சுவரையும் அடியையும் விரித்துப் பரப்பினால் அதுவும் ஏறக்குறைய 3000 சதுர சென்ரிமீற்றர்தான் வரும். வாளியும் பையும் பரப்பில் சமம். ஆனால் வாளிச் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர், பையைப் போல 75 மடங்கு தடிப்பு. ஆகவே வாளியின் நிறை 400 கிராமுக்குக் கிட்ட.

அழுக்குப் பரப்பில்தான் ஒட்டும், நிறையில் அல்ல. முழுக் கணக்கின் மையமும் இதுதான். இரண்டிலும் ஒரே அளவு மண்ணும் ஈரமும், 5 கிராம் என்று வைப்போம், ஒட்டியிருக்கட்டும். வாளியில் அது 80 இல் ஒரு பங்கு. பையிலோ பாதிக்குப் பாதி. பையை நிறுத்து வாங்குகிறவர் ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்து அரைக் கிலோ மண்ணையும் தண்ணீரையும் கொண்டுபோவார். ஒரு கிலோ சுத்தமான பிளாஸ்ரிக் சேர 200 பை வேண்டும். ஒரு கிலோ வாளிப் பிளாஸ்ரிக் சேர இரண்டரை வாளி போதும். இப்போது அவருடைய தலையாட்டலின் நியாயம் விளங்குகிறது.

உருக்கும் இடத்தில்

சரி, கழுவிவிட்டு உருக்கலாமே என்று கேட்கலாம். கழுவினால் மண் போகும், ஈரம் வரும். தாளின் இரு முகங்களிலும் அதன் தடிப்பளவு தண்ணீர்ப் படலம் நின்றால் பிளாஸ்ரிக்கைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கிறது என்று பொருள். பொலித்தீன் உருகுவது 110 பாகை அளவில். தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். உலராத தாள் இயந்திரத்துக்குள் போனால் உருகிய குழம்புக்குள்ளேயே ஆவி கிளம்பிக் குமிழி விடும். அந்தக் குமிழியோடு இழுத்து ஊதும் புதுத் தாள் ஓட்டை ஓட்டையாக வரும். அத்தோடு மெல்லிய தாள் வெட்டும் இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டும். வாளித் துண்டு இந்தத் தொல்லை எதையும் தருவதில்லை.

அப்படியும் உருக்கி மணிகளாக்கினால் பல நிறப் பைகள் கலந்து மங்கிய சாம்பல் நிறமே வரும். அதை மறைக்கக் கறுப்புச் சேர்ப்பார்கள். கறுப்புக் குப்பைப் பையும், தோட்டத்துக்கு இறைக்கும் கறுப்புக் குழாயும் பல வேளைகளில் இப்படி வந்தவை. முதலில் எதைச் சுமந்தது என்று தெரியாத பிளாஸ்ரிக் என்பதால் கறுப்புப் பையில் சாப்பாட்டுச் சாமானைப் போடாதீர்கள். சூடான சாப்பாட்டை எந்த நிறப் பையிலும் ஊற்றக் கூடாது: கொதிக்கிற தேநீரின் சூடு பை இளகும் சூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது.

மிளகாய்த்தூள் பையின் சிவப்பு

மில்லில் கறித்தூள் திரித்துக்கொண்டு வந்த பையை எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் சிவப்பு முழுதும் போவதில்லை. மீன் வாங்கிய பையில் மணம் நிற்கிறது. மண்ணெண்ணெய் பட்ட பை சாகும்வரை மண்ணெண்ணெய்தான். சீனி போட்ட பையோ ஒரு அலசலில் சுத்தமாகிறது. ஏன் இந்தப் பாகுபாடு?

காபன் வரிசைகளைப் பற்றி முன்னே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயும் பையும் ஒரே சாதி மூலக்கூறுகள். எண்ணெய், கொழுப்பு, மிளகாயின் சிவப்புச் சாயம் ஆகியவற்றிலும் நீண்ட காபன் வரிசைகள் உண்டு. இவை பொலித்தீனின் மேலே ஒட்டி நிற்பதோடு முடிவதில்லை. சங்கிலிகளுக்கு இடையே மெல்ல ஊறி உள்ளே போய்விடுகின்றன. உள்ளே போனதைச் சவர்க்காரம் எட்டிப்பிடிக்காது. சீனியும் உப்பும் தண்ணீரின் சொந்தக்காரர். பொலித்தீனுக்குள் அவற்றுக்கு இடமில்லை.

வீட்டில் பைகளைப் பிரிக்கும் விதி இதிலிருந்து கிடைக்கிறது. சீனி, பருப்பு, வெங்காயம், மரக்கறி கொண்டுவந்த பைகள் திரும்பத் திரும்பச் சாப்பாட்டுச் சாமானுக்கே போகலாம். எண்ணெயோ தூளோ மீனோ பட்டவை அப்படிப் போகக் கூடாது. இரண்டும் ஒரே கட்டுக்குள் கிடந்தால் மீனின் மணம் சீனிப் பைக்கும் ஏறும். ஆணி இரண்டு தேவை.

வெயில், மண், நெருப்பு

கழுவிய பையை உட்புறம் வெளியே தெரியப் புரட்டி நிழலில் காயவிட வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் உடுப்புக்கு நல்லது, பைக்கு அல்ல. சூரிய ஒளியிலுள்ள புறவூதாக் கதிரும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்து நெடுஞ்சங்கிலிகளை வெட்டுகின்றன. சங்கிலி குறுகக் குறுகப் பை மொறுமொறுப்பாகும், பிறகு தொட்டால் உதிரும். சோளகக் காற்றில் பறந்து கிளுவை வேலியில் மாட்டிய பைக்கு ஒரு சில மாதங்களில் நடப்பது இதுதான். அது மக்கிப்போகவில்லை, நொறுங்கித்தான் போயிற்று. ஒவ்வொரு துணுக்கும் பொலித்தீனாகவே இருக்கிறது, இப்போது பொறுக்கியெடுக்க முடியாத அளவில். மண்ணுக்குள் புதைந்த பைக்கு அந்த வெயிலும் இல்லை. மண்வெட்டி பல வருடங்களுக்குப் பிறகும் அதை முழுசாகவே கிளப்பும்.

கோப்பாயில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய விடயம். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். அதற்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. மேலே போடுவது கீழே போக அதிகம் தாமதிக்காது என்பதைத் தோட்டத்துக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று கிணற்று நீரில் ஏறியதில் கண்டிருக்கிறோம். ஊரின் கிழக்கே உப்பாற்றுக் கடல்நீரேரி. மழை வெள்ளம் வாரிக்கொண்டு போவதெல்லாம் அங்கே போய்ச் சேரும். மாரியில் வளவுக்குள் சுருண்டு கிடக்கும் பை ஒரு சிரங்கை மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் டெங்கு நுளம்பு முட்டையிட அதுவே போதும்.

நெருப்பு வைத்துவிடலாமா? பொலித்தீன் முழுமையாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் மட்டுமே வரும். வளவு மூலையில் சருகோடு சேர்த்து மூட்டும் நெருப்பில் அந்தச் சூடும் இல்லை, போதிய காற்றும் இல்லை. அரைகுறையாக எரிந்து புகைக்கரியும் காபனோரொட்சைட்டும், புற்றுநோய் தரக்கூடிய வளையக் காபன் சேர்மங்களும் கிளம்பும். அதோடு ஒரு பீ.வி.சி. குழாய்த் துண்டோ பழைய ரெக்சினோ சேர்ந்துவிட்டால் டையொக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகலாம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது மூட்டியவரும் பக்கத்து வளவுப் பிள்ளையும்தான்.

துலின் சட்டைப்பையில் வைத்திருந்தது

கைபிடியோடு ஒரே துண்டாக வரும் இந்தப் பையின் வடிவம் சுவீடனைச் சேர்ந்த ஸ்ரென் குஸ்ராஃப் துலின் என்ற பொறியியலாளருடையது. செலோபிளாஸ்ற் என்ற நிறுவனம் 1965 இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. குழாயாக ஊதிய பொலித்தீனை மடித்து, ஒட்டி, வெட்டுவதுதான் வேலை. கடதாசிப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. தன் தந்தை ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிவார், ஒரு தரத்தோடு மக்கள் எறிந்துவிடுவார்கள் என்பது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதை வாசித்தபோது எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்ட தலைமுறைக்கு ஒன்றையும் எறியத் தெரியாது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்காக்கிப் படித்தவர்கள் அவர்கள். அந்த அம்மாமார் இன்றைக்கும் பையைக் கழுவிக் காயப்போடுவதை இளையவர்கள் கஞ்சத்தனம் என்று நினைக்கக் கூடாது. பையை ஆக்கியவர் நினைத்த பாவனையே அதுதான்.

துணிப்பைக்கு 131

பிரித்தானியாவின் சுற்றாடல் முகவரகம் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று பலரைத் திடுக்கிட வைத்தது. மெல்லிய பொலித்தீன் பையை ஒரு தரம் பாவிப்பதால் புவி சூடாவதற்குச் சேரும் பங்கை அளந்தார்கள். துணிப்பை ஒன்று அந்த அளவுக்கு இறங்க அதை 131 தடவை பாவிக்க வேண்டும். தடித்த பொலித்தீன் பைக்கு 4 தடவை, கடதாசிப் பைக்கு 3. பொலித்தீன் பைகள் எல்லாவற்றையும் இரண்டாம் தரம் குப்பைப் பையாகப் பாவித்தால் துணிப்பை 327 தடவை உழைக்க வேண்டும். பருத்திக்கு இடும் தண்ணீர், உரம், நூற்பாலையின் மின்சாரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இதைக் காட்டித் துணிப்பை வீண் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் சந்தைக்குப் போனால் 131 தடவை என்பது ஒன்றேகால் வருடம். நல்ல துணிப்பை அதைவிடக் கூடக் காலம் உழைக்கும். பழைய சேலையிலோ வேட்டியிலோ தைத்தால் அந்தப் பருத்தியின் கடன் உடுத்த காலத்திலேயே கழிந்துவிட்டது. புதிதாகச் சேர்வது தைத்த நூல் மட்டும். அதோடு அந்த 131 என்ற எண் புவி சூடாவதை மட்டுமே அளக்கிறது. பையை விழுங்கி வயிறு அடைத்துச் சாகும் மாடு அதில் சேரவில்லை, கடல்நீரேரியும் சேரவில்லை.

பனையோலை உமலை அந்த ஆய்வில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தால் என்ன வரும்? பனைக்கு யாரும் தண்ணீர் இறைப்பதில்லை, உரம் போடுவதில்லை. எங்கள் பெரியவர்கள் சந்தைக்கு உமலும், தோட்டத்துக்குக் கடகமும், பனங்கட்டிக்குக் குட்டானும் வைத்திருந்தார்கள். வேலியில் அடைத்து உக்கிய ஓலையைக் கூடத் தோட்டத்தில் தாழ்த்துப் பசளையாக்கினார்கள். கோப்பாய்க்கு அடுத்த கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. காய்ந்த சாமானுக்கு உமல் இன்றும் பொருந்தும். ஈரச் சாமானுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒரு பையின் ஆயுள்

2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையைக் கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது. விலை வாங்க வேண்டும், அதைப் பற்றுச்சீட்டில் காட்டவும் வேண்டும். பை கேட்கும்முன் ஒரு நிமிடம் யோசிக்க இது உதவும். ஏற்கனவே வீட்டில் இருப்பவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

மீனுக்குப் பை வேண்டாம். மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைச் சைக்கிள் கூடையில் கொண்டுபோகலாம். தடித்த சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ முடியும், உள்ளே ஊறும் மணமும் மீனுக்கென்றே வைத்த பெட்டியில் தொல்லையில்லை. மரக்கறிப் பைகள் கழுவி, நிழலில் காய்ந்து, மடிபட்டுத் திரும்பச் சந்தைக்குப் போகட்டும். ஒட்டு இளகத் தொடங்கினால் பாரம் வேண்டாம், உடுப்பு வைக்கலாம், மழைக்குப் புத்தகம் சுற்றலாம். தூளும் எண்ணெயும் பட்டவை குப்பை வாளிக்கு உறையாகட்டும்.

ஓட்டை விழுந்த பைக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அடியில் நாலு துளையிட்டு மண்ணும் எருவும் நிரப்பிப் பப்பாசி விதையோ எலுமிச்சை விதையோ போட்டு நிழலில் வைத்தால் நாற்றுப் பை. நடும் அன்று ஓரத்தில் கீறி, பையை ஒரே துண்டாக உரித்தெடுத்துவிடுங்கள். எடுக்காமல் நட்டால் வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருளும், மரம் நிமிராது. உரித்த பையில் இப்போது பிளாஸ்ரிக்கைவிட மண் அதிகம். அதை இனி எவரும் உருக்க மாட்டார்கள். பிரதேச சபை வண்டி வரும் நாளில் மற்ற உக்காத குப்பையோடு அது போக வேண்டும்.